பாசிக்கு மருந்து கடையில் இல்லை

"தம்பி, தொட்டியில பாசி பிடிச்சிருக்கு. மருந்து ஏதாவது இருக்கா?"

என்னை போனில் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சென்னையில் வீடுகளிலும் கிளினிக்குகளிலும் நகைக்கடைகளிலும் இருக்கும் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பது என் பிழைப்பு. கொளத்தூரில் கப்பியும் மோலியும் விற்ற குடும்பம் எங்களுடையது. நான்தான் உப்புத் தண்ணீருக்கு மாறினேன். மருந்து கேட்பவரிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "சார், லைட்டை எத்தனை மணிக்குப் போடுறீங்க, எத்தனை மணிக்கு அணைக்கிறீங்க?"

மறுமுனையில் கொஞ்சம் யோசனை. பிறகு கணக்கு வரும். காலையில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஏழு மணிக்குப் போட்டுவிடுவார். இரவு டிவி பார்த்து முடித்து, படுக்கப் போகும்போது வீட்டுக்காரர் அணைப்பார். பதினாறு மணி நேரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் பவளத் திட்டுக்கே சூரியன் 12 மணி நேரம்தான். அதிலும் காலை, மாலைச் சாய்வு வெயிலைக் கழித்தால் உருப்படியான வெளிச்சம் என்பது நடுவில் உள்ள சில மணி நேரம்தான். நம் வரவேற்பறைப் பவளம் மட்டும் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கிறது.

பவளம் செடியில்லை, பிராணி. ஆனால் அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. ஜூக்சாந்தெல்லே என்று அவற்றுக்குப் பெயர். வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்குப் போய்விடும். பல வெப்பக்கடல் பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இந்தக் குடித்தனக்காரர்கள் கொடுப்பதுதான். ஆக, தொட்டிக்கு மேல் விலையுயர்ந்த விளக்கை நாம் மாட்டுவதே பாசி வளர்க்கத்தான். உள்ளே இருக்கும் பாசிக்குக் கிடைக்கிற அதே வெளிச்சம் பாறை மேல் இருக்கும் பாசிக்கும் கிடைக்கிறது. விளக்குக்கு ஆள் பார்த்துப் பரிமாறத் தெரியாது.

இதில் கடைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. நானும் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் அதைச் சொல்லும் உரிமையும் உண்டு. மூன்றடித் தொட்டி வாங்க வருபவரின் தலையில் அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களை வளர்ப்பதற்கான விளக்கைக் கட்டிவிடுகிறார்கள். "இது 165 வாட், சார். இதுக்கு மேல லைட்டே கிடையாது" என்பார்கள். வாட் என்பது மின்சார வாரியத்துக்குத் தேவையான கணக்கு. பவளத்துக்கு வேண்டிய அளவு வேறு: 400 முதல் 700 நானோமீட்டர் வரையான அலைநீளத்தில், அது உட்கார்ந்திருக்கும் இடத்தில், எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது. அதைப் பி.ஏ.ஆர். என்று அளக்கிறோம். உச்சி வெயிலில் கடல் மட்டத்தில் அது 2,000 அளவில் இருக்கும். கிளைப் பவளங்களுக்கு 200 முதல் 400 வரை தேவை. மஷ்ரூம், லெதர், ஜோவா என்று தொழிலில் நாங்கள் சொல்லும் மென்பவள வகைகளுக்கு 50 முதல் 150 இருந்தால் தாராளம்.

சரி, நம் ஊர் வீட்டில் எதை வைத்துக்கொள்ள முடியும்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் மொத்தமும் 2001 முதல் இருக்கின்றன. கடல் விசிறியும் கருப்புப் பவளமும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் குற்றம். செத்துப்போன பவளத் துண்டை அலமாரியில் அழகுக்கு வைத்தாலும் வழக்கு வரும். "ராமேஸ்வரத்திலேர்ந்து நேரா வந்த பீஸ், சார்" என்று யாராவது காதோரம் சொன்னால், அது சிறைக்கு அழைக்கும் குரல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட தொட்டியை நான் தொடுவதில்லை. ஆக, இங்கே நல்ல முறையில் தொட்டி வைப்பவர் வாங்குவது, பில்லோடும் உரிய தாள்களோடும் வரும் மென்பவளங்களைத்தான். குறைந்த வெளிச்சம் போதும் என்கிற ஜாதி அது. அதன் தலையில் 165 வாட்டை முழுதாக இறக்கினால் என்ன ஆகும்? பவளம் சுருங்கிக்கொள்ளும், வெளுக்கும். ஓர் அளவுக்கு மேல் கொட்டுகிற வெளிச்சத்தை அதால் பயன்படுத்தவே முடியாது. மிச்சத்தை யார் பயன்படுத்திக்கொள்வார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"வெள்ளையை அணைச்சிட்டு நீலத்தை மட்டும் எரிய விடுங்க, பாசி போயிடும்" என்று ஒரு வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாசியிலுள்ள பச்சையம் நீல ஒளியை ஆசையாகவே உறிஞ்சும். நீல விளக்கில் பாசி குறைவாகத் தெரிவதற்குக் காரணம், நம் கண்ணுக்கு அந்த வெளிச்சத்தில் பழுப்பும் பச்சையும் எடுபடாது என்பதுதான். வெள்ளையை அணைப்பதால் மொத்த வெளிச்சம் குறைகிறது, அந்த அளவுக்குப் பலன் உண்டு. மற்றபடி அது திரை போட்டு மறைப்பது.

விளக்கு பாதிக் கதைதான். மீதிப் பாதியைச் சொல்ல முகப்பேரில் ஒரு அம்மா வீட்டுத் தொட்டியைக் காட்ட வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன தொட்டி. எதையும் நோட்டில் எழுதி வைப்பவர், விளக்குக்கு டைமர் போட்டிருக்கிறார், உணவைக்கூட ஸ்பூனில் அளந்து போடுகிறார். ஆனாலும் பாறை முழுக்க விரல் நீளத்துக்குப் பச்சை முடி. மின்மோட்டார் தண்ணீரைத் தள்ளும் திசையில் அது தலை சீவினாற்போல் சாய்ந்து கிடந்தது. "நான் போர் தண்ணி ஊத்தறதில்ல தம்பி, ஆர்.ஓ. தண்ணிதான்" என்றார். சமையலறைக்குப் போய் அந்த ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தேன். எழுபதுக்கு மேல் காட்டியது. அம்மாவுக்கு அதிர்ச்சி. மிஷினைக் குறை சொல்ல முடியாது. குடிக்கும் தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக, வீட்டு ஆர்.ஓ.க்கள் பலவற்றில் சுத்திகரித்த தண்ணீரோடு கொஞ்சம் வந்த தண்ணீரையே கலந்துவிடும் ஒரு திருகு இருக்கும். மனிதருக்கு அது சரி. பவளத் தொட்டிக்குப் பூஜ்யம் காட்டும் தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் என்று ஒரு குப்பி மாட்டினால்தான் அது கிடைக்கும்.

எழுபது என்பது சின்ன எண்தானே என்று தோன்றும். சென்னை வெயிலில் தொட்டியிலிருந்து தினமும் தண்ணீர் ஆவியாகிறது. போவது தண்ணீர் மட்டும், கரைந்திருப்பது எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மறுபடி ஊற்றுகிறோம், மறுபடி ஆவியாகிறது. வருஷக் கணக்கில் இப்படி நடந்தால் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் சொட்டுச் சொட்டாக வந்து சேரும். புதுத் தொட்டியில் மணல் மேல் பழுப்புத் தூள் படிந்தாற்போல் வருவது டயாட்டம். அதற்குச் சிலிக்கேட் தீனி. அதற்கும் மருந்து கேட்டு போன் வரும்.

தண்ணீரைவிடப் பெரிய வாசல் மீன் உணவு. போடுகிற ஒவ்வொரு சிட்டிகையும் மீனின் வயிற்றில் போய்க் கழிவாகி, அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாக நிற்கிறது. கூடவே பாஸ்பேட். பந்தியில் ஆள் உட்கார உட்கார இலை போட்டுக்கொண்டே இருந்து, எச்சில் இலையை மட்டும் யாரும் எடுக்காவிட்டால் மண்டபம் என்ன ஆகுமோ, அதுதான் தொட்டியிலும் ஆகிறது. உறைந்த இறாலைப் பொட்டலத்திலிருந்து அப்படியே போடாமல், வடிகட்டியில் அலசிப் போட்டாலே பாதிப் பிரச்சினை அடங்கிய வீடுகள் உண்டு.

"டெஸ்ட் கிட்ல பாஸ்பேட் பூஜ்யம் காட்டுது. அப்புறம் எப்படிப் பாசி வருது?" என்று படித்தவர்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. சோதனைக் குழாய் தண்ணீரில் கரைந்திருப்பதை மட்டும்தான் பார்க்கும். பாசி ஏற்கெனவே தின்றுவிட்டது அதற்குத் தெரியாது. சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும், அதுவும் தெரியாது. டெஸ்ட்டில் பூஜ்யம், பாறையில் பச்சை என்றால் பூஜ்யத்தை நம்பாதீர்கள், பாறையை நம்புங்கள்.

அதற்காகப் பூஜ்யத்தைத் துரத்திக்கொண்டு ஓடவும் கூடாது. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளைக் கிலோக்கணக்கில் போட்டு, தண்ணீரைக் கண்ணாடி போல ஆக்கிய ஒரு கிளினிக் தொட்டியை அறிவேன். பச்சை போனது. பின்னாலேயே டைனோ வந்தது. டைனோஃப்ளாஜெல்லேட் என்பது முழுப்பெயர். சளி போன்ற பழுப்பு நூல், நுனியில் காற்றுக் குமிழி. சத்து அறவே இல்லாத தண்ணீரில்தான் அது ராஜாங்கம் நடத்தும். முடிப் பாசியாவது நத்தை தின்னும். இதைத் தின்ற நத்தை செத்துப்போவதும் உண்டு. நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும் என்று நான் விட்டுவிடுவேன். பவளமும் சாப்பிட வேண்டுமே.

கடலில் இதெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அங்கே சூரியனை யாரும் குறைப்பதில்லை. மேய்கிற ஜீவராசிகள்தான் பார்த்துக்கொள்கின்றன. ஜமைக்காவில் மீன்பிடிப்பு மிஞ்சிப்போய்ப் பாசி தின்னும் மீன்கள் அருகின. மிச்சமிருந்த காவல்காரன் நீண்ட முள் கொண்ட டயடிமா என்ற கடல் முள்ளெலி. 1983-84-இல் கரீபியன் கடல் முழுக்க ஒரு கொள்ளைநோயில் அதுவும் கூட்டங்கூட்டமாகச் செத்தது. புயல்கள் வேறு அடித்தன. 1970-களின் கடைசியில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டதாக ஆய்வாளர் டெரன்ஸ் ஹியூஸ் 1994-இல் எழுதினார். அந்த இடத்தைப் பாசி எடுத்துக்கொண்டது. வெயில் அப்போதும் அதே வெயில்தான்.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மண்டபத்துக்கு எதிரே உள்ள குருசடைத் தீவுப் பவளங்களின் மேல், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்னும் வெளிநாட்டுக் கடற்பாசி போர்வை போல மூடியிருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு ஆள் வைத்துக் கையால் பறித்தார்கள். துண்டு விட்டுப்போன இடத்தில் மறுபடி தழைத்தது. என் தொழிலில் நான் வாரம்தோறும் பார்க்கும் காட்சி இது. மேலாகக் கத்தரித்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் அதே நீளத்துக்கு நிற்கும். பாறையை வாளித் தண்ணீரில் எடுத்துவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் வேரோடு சுரண்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பாறையில் ஜோவா இருந்தால் மட்டும் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அதன் இனத்தில் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. பாறையைச் சுத்தம் செய்யக் கொதிநீர் ஊற்றி, ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

முகப்பேர் அம்மா வீட்டில் செய்ததும் இவ்வளவுதான். ரெசின் குப்பி மாட்டினோம். டர்போ நத்தைகள் சிலவற்றை விட்டோம். சர்ஜன் மீன் விடலாமா என்று கேட்டார். மூன்றடித் தொட்டியில் அது கூண்டுப் புலி, வேண்டாம் என்றேன். விளக்கு நேரத்தை மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை என்று மாற்றினேன். முதல் ஒரு மணி நேரம் மெல்ல ஏறும், கடைசி ஒரு மணி நேரம் மெல்ல இறங்கும். உச்சத்தில் 40 சதவீதம். "காலையில இருட்டா இருந்தா மீன் பயப்படாதா தம்பி?" என்று கவலைப்பட்டார். ஜன்னல் வெளிச்சமே அதுக்குப் போதும்மா என்றேன். நேரடி வெயில் படாத ஜன்னல் என்றால் நல்லது. நாம் வீட்டில் இருக்கும் நேரத்தில் விளக்கு எரிவதுபோல் வைத்துக்கொண்டால், குறைத்த எட்டு மணி நேரமும் நம் கண்ணுக்கு முழுசாகவே கிடைக்கும். 40 சதவீதத்தை எப்போது ஏற்றுவது என்று அடுத்த கேள்வி வந்தது. பவளம் கேட்டால் ஏற்றலாம். கழுத்தை நீட்டி வெளிச்சம் தேடினாற்போல் நின்றால், வாரத்துக்கு ஐந்து சதவீதம். கேட்காதவரை அப்படியே இருக்கட்டும்.

சிவப்புச் சளி படர்ந்தால் மூன்று நாள் விளக்கையே அணைத்து, தொட்டிக்குக் கருப்புத் துணி போர்த்திவிடுவேன். காற்றுக் குழாயும் ஸ்கிம்மரும் மட்டும் ஓட வேண்டும். சாகும் பாசி ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூன்று நாள் இருட்டில் பவளம் செத்துவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கலங்கி வானம் மூடிக் கிடக்கும்போது மன்னார் வளைகுடாப் பவளங்கள் வாரக்கணக்கில் மங்கலில்தான் இருக்கின்றன.

இதற்கெல்லாம் பொறுமை வேண்டும், அது கடையில் கிடைக்காது. கிடைப்பது மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் போடுகிறார்கள். சில வகைப் பாசி அதில் சாகும், இல்லையென்று சொல்லமாட்டேன். செத்த பாசியிலுள்ள சத்து தண்ணீருக்குத் திரும்பும், காரணம் அப்படியே இருக்கும், சில மாதத்தில் வேறு பாசி வரும். சிவப்புச் சளிக்கு எரித்ரோமைசின். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கை, பாக்டீரியாவை நம்பி ஓடும் ஒரு தொட்டியில் கொட்டுவதும், பிறகு அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் எனக்குச் சம்மதமில்லை. கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, வெயில் வெளிச்சம், காற்றுக் குமிழி இவற்றை வைத்தே கடல் தொட்டி நடத்துவதைப் பற்றி ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். இன்றைய பவளத் தொட்டிகளுக்கு அவர் ஒரு முன்னோடி. நமக்கு அந்த உயிர்ப்பாறை கிடையாது, நம் கடலிலிருந்து எடுக்கவும் கூடாது. 2010-லும் 2016-லும் 2024-லும் சூட்டில் வெளுத்த பவளங்கள் நம் கடலில் இருப்பவை. அவற்றிடம் நாம் கேட்க எதுவும் மிச்சமில்லை. ஆகவே செயற்கைப் பாறையில் தொடங்குகிறோம். வெறும் பாறையில் உயிர் குடியேற ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். அதுவரை பழுப்பு, சிவப்பு, பச்சை என்று வரிசையாக வரும். பிறகு பாறையில் ரோஜா நிறத்தில் கோரலைன் பாசி திட்டுத்திட்டாகப் பிடிக்கத் தொடங்கும். அந்த நிறத்தைப் பார்க்கும்வரை விளக்கைக் குறைவாகவே எரியுங்கள்.

மின்கட்டணக் கணக்கும் போட்டுப் பாருங்கள். 150 வாட் விளக்கைத் தினம் பத்து மணி நேரம் முழுதாக எரித்தால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். அதையே 60 சதவீதத்தில் எட்டு மணி நேரம் எரித்தால் 43. விளக்குச் சூடு குறைவதால் சில்லர் ஓடுவதும் குறையும்.

தொழில் செய்பவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. பி.ஏ.ஆர். மீட்டர் விலை அதிகம், ஒரு தொட்டி வைத்திருப்பவர் அதை வாங்கமாட்டார், வாங்கத் தேவையும் இல்லை. கொளத்தூரில் கடல்மீன் விற்கும் கடைகள் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கி, நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில், பதினெட்டு அங்குல ஆழத்தில் அது எவ்வளவு தரும் என்று அளந்து ஓர் அட்டையில் எழுதி மாட்டலாம். விற்பனை குறையும் என்ற பயம் இருக்கும். ஒரு வருடத்தில் பாசியோடு போராடிச் சலித்துத் தொட்டியைப் பழைய சாமான்காரருக்குப் போடும் வாடிக்கையாளரால் யாருக்கும் வியாபாரம் இல்லை என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாங்குபவர்களே, அடுத்த முறை கடையில் நின்று எத்தனை வாட் என்று கேட்காதீர்கள். என் பவளம் உட்காரும் ஆழத்தில் பி.ஏ.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் விளக்கு வாங்காதீர்கள். அன்றைக்கு ஒரு டைமரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.